வாசலுக்கும் அலைக்கும் நடுவே

ஜூலை 5

இந்த டைரி ஐஸ் கம்பெனியில் அப்பாவுக்குக் கொடுத்தது. போன வருஷத்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை மட்டும் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துவிட்டு எழுதப்போகிறேன்.

இன்று ஞாயிறு. அக்காவுக்கு வளைகாப்பு. அக்கா பெயர் இந்துமதி. போன வருஷம்தான் தெற்குத்துறையில் கட்டிக்கொடுத்தோம். எங்கள் தாழைமேட்டிலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

நான் நாள் முழுக்கக் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தேய்க்கச் சொல்லவில்லை. கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். அக்கா இரண்டு தடவை ஆள் அனுப்பிய பிறகு போய், அவள் கையில் ஒரு ஜோடி பச்சை வளையல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வளையல் போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பெற்றாலும் போவதும் வருவதும் தாய்வீட்டிலிருந்துதான். வேனில் அக்காவுக்காகத் தலையணைகூட எடுத்துப் போயிருந்தோம். சாயங்காலம் அப்பா அழைத்துப்போகக் கேட்டபோது, அக்காவின் மாமியார் தனபாக்கியம் அத்தை வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. ஒங்க வூட்டு வாசல்ல நின்னு முறுக்கக் கடிச்சா, தூளு கடல்ல விழுவுது. அங்க எப்படி நான் புள்ளத்தாச்சிய அனுப்புவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். பிறகு அத்தை ஒரு கணக்கு சொன்னார். வாசற்படியிலிருந்து அலை தொடும் இடம் வரை முப்பது காலடி இருக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் பிறக்கும்போது அவ்வளவு இருந்தால் அவரே கொண்டுவந்து விடுவார். இல்லையென்றால் இல்லை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிக் கேட்பார். நான்தான் எண்ணிச் சொல்ல வேண்டுமாம்.

"வாய் பேசாத புள்ள. பொய் சொல்லாது" என்றார்.

திரும்பி வரும்போது அந்தத் தலையணை என் மடியில் இருந்தது.

ஜூலை 6

இருபத்திரண்டு.

விடிந்ததும் படியிலிருந்து நடந்தேன். அலை கடைசியாக ஏறி நனைத்த கோடுவரை எண்ண வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று வரிசை வீடுகள் இருந்தன. இப்போது எங்கள் வீடுதான் முதல் வரிசை. நான்கு வருஷத்துக்கு முன் தெற்கே கடலுக்குள் ஒரு தீவு கட்டினார்கள். கப்பல்கள் சரக்கு இறக்குவதற்கு. கடலடி மண்ணைக் குழாயால் உறிஞ்சிக் கொட்டிக் குவித்து, சுற்றிலும் பாறை அடுக்கி. அதற்குப் பிறகுதான் இப்படி.

கரை மண் ஒரே இடத்தில் கிடப்பதில்லை என்று அப்பா சொல்வார். வருஷத்தில் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே கொஞ்சம் கொஞ்சமாக நடத்திக்கொண்டு போகும். எங்கள் மண் வடக்கே போகும், தெற்கிலிருந்து வேறு மண் வந்து அந்த இடத்தில் நிற்கும். இப்போது அங்கே அலையைத் தீவு மறைத்துக்கொள்கிறது. அலை இல்லாத இடத்தில் மண் நடக்காமல் உட்கார்ந்துவிடுகிறது. உட்காரும் இடம் தெற்குத்துறை. எங்களிடமிருந்து போவது மட்டும் நிற்கவில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்கே எங்கள் மண்ணும் போய்விட்டது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

ஜூலை 12

பதினோரு மணிக்கு அத்தை போன் பண்ணினார்.

"எத்தன?"

"முப்பது."

"நல்லா எண்ணினியா?"

"ம்."

என் பாதம் சின்னது. கால் எட்டிப் போடாமல் நடந்தால் முப்பது வருகிறது. அதனால் அது பொய் இல்லை.

ஜூலை 13

அடுத்த அறையை ஒழித்து வெள்ளை அடிக்க ஆரம்பித்திருக்கிறேன். அம்மா படுத்திருந்த அறை. மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அம்மா போன பிறகு டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்களே, அது ஒன்றும் காரணம் இல்லை. சோறாக்க ஆள் வேண்டாமா.

அறையில் காற்று நன்றாக வருகிறது. அக்காவுக்குப் பிடிக்கும். நான்கு மாதம் இருப்பாள்.

ஜூலை 16

மாமா வந்தார். அக்கா வீட்டுக்காரர், சத்தியசீலன் மாமா. அக்கா கொடுத்தனுப்பிய நுங்கைப் படியில் வைத்துவிட்டு, அங்கிருந்து கடலைப் பார்த்து நடந்தார். திரும்பி வந்து மறுபடியும் நடந்தார். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

கதவுக்கு வெளியே நின்று, "கொடி, ஒனக்கு எத்தன வந்துச்சு?" என்றார். என் முழுப்பெயர் பொற்கொடி.

உள்ளிருந்தே முப்பது என்றேன்.

"எனக்குப் பதினெட்டு வந்துச்சு. என் காலு நீளம்" என்றார். சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மாகிட்ட முப்பதாவே இருக்கட்டும். அதுக்குள்ள முப்பது ஆக்கிடுவோம்" என்றார்.

ஜூலை 21

லாரியில் இரண்டு நடையாக முந்நூறு மூட்டை வந்து இறங்கியது. எல்லாம் தெற்குத்துறை மணல். அங்கே அள்ள அள்ளக் கிடக்கிறதாம். படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோக டிராக்டர் கட்டி இழுக்கிறார்களாம்.

அப்பா ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொஞ்சம் மணலைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளேயே போட்டார்.

மூட்டைகளின் வாயைச் சணலால் தைக்க அஞ்சலாட்சி சின்னம்மா வந்தாள். எங்களுக்கு வடக்கே அடுத்த வீடு. கருவாடு போடுகிறவள். சித்தப்பா கேரளாவில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போகிறார், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. என்னோடு பேசும்போது என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். எனக்கு அது வசதி.

"ஒலகத்துல மாப்பிள்ளைக்கு மாமனார் சீர் செய்வாரு. ஒங்க வூட்டுக்குத்தான் மாப்பிள்ளை லாரி வச்சு மண்ணு சீர் அனுப்புறாரு" என்றாள். நூறு மூட்டைக்கு மேல் அவளே தைத்தாள்.

ஜூலை 25

முதலில் வாசலுக்கு எதிரே சுவர் மாதிரி அடுக்குவதாக இருந்தது. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். சுவராக வைத்தால் அலை அடியில் தோண்டிக் கவிழ்த்துவிடும். கரையிலிருந்து கடலுக்குள் கை நீட்டினாற்போல வைத்தால் போகிற மண்ணைப் பிடித்து வைக்கும் என்றார். துறைமுகத்துக் கற்சுவரில் பார்த்திருக்கிறாராம்.

எங்கள் மனையின் வடக்கு ஓரத்தில் இரண்டு வரிசையாகச் சவுக்குக் கம்புகளை அடித்து, நடுவில் மூட்டைகளை அடுக்கி முடித்தார்கள். நான்கு நாள் வேலை. மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்தார். சின்னம்மா எல்லோருக்கும் மீன் வறுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 26

அத்தை: "எத்தன?"

நான்: "முப்பது."

இருபத்திரண்டு.

ஜூலை 31

இருபத்தாறு. கால் எட்டிப் போட்டு நடந்தே இருபத்தாறு.

மணல் வந்துவிட்டது. மூட்டைக் கையின் இந்தப் பக்கம், அக்குளில் ஒதுங்கினாற்போல, தினம் கொஞ்சம் ஏறுகிறது. அப்பா கடலுக்குப் போய் வந்ததும் வலையைக்கூட இறக்காமல் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 7

முப்பத்திரண்டு!

அப்பாவையும் நடக்க வைத்தேன். அவருக்கு இருபத்தெட்டு வந்தது. அவர் கால் பெரியது. சாயங்காலம் புதுமணலில் போய் உட்கார்ந்தோம். அப்பா வெகு நாளைக்குப் பிறகு பீடி பிடித்தார். அம்மா இருந்தால் திட்டியிருப்பாள் என்றார். நானே திட்டினேன்.

ஆகஸ்ட் 9

அத்தையிடம் முப்பத்திரண்டு என்றேன். அத்தைக்கு ஆச்சரியம். போனை அக்காவிடம் கொடுத்தார். குழந்தை ராத்திரியெல்லாம் உதைக்கிறதாம். வந்ததும் நான் வைக்கும் சுறாப்புட்டு வேண்டுமாம். பால் சுறா நிறைய கொடுத்தால் பால் ஊறும் என்று சின்னம்மா சொல்லியிருக்கிறாள்.

சின்னம்மாவின் கருவாட்டுக் களத்தில் ஒரு பக்கம் ஈரம் ஏறுகிறதாம். நெத்திலியை எங்கள் வாசலில் கொண்டுவந்து காய வைத்துக்கொண்டாள். இந்த வாரம் அலை கொஞ்சம் வேகம்.

ஆகஸ்ட் 13

நேற்று ஆடி அமாவாசை. தண்ணீர் அதிகம். சின்னம்மா வீட்டுத் தென்னை சாய்ந்திருக்கிறது. அமாவாசைக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 16

முப்பத்து நான்கு. அத்தையிடம் சொன்னேன். செப்டம்பர் பத்தாம் தேதி நல்ல நாளாம். கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 20

குழந்தைக்குத் துணி கிழித்தோம். அம்மாவின் பழைய நூல் புடவைகள் நான்கு. சின்னம்மா அவளுடையது இரண்டு கொண்டுவந்தாள். நன்றாக வெளுத்து மெத்தென்று இருந்தது. புதுத்துணி குழந்தைக்கு ஆகாது என்றாள். கிழித்துக்கொண்டே, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எப்படி என்று ஒரு தலையணையை வைத்துக் காட்டினாள். தலையணைக்கு மூக்கு நீவிவிட்டாள். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவள் சிரிக்கும்போது கடல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வெயில் கண்ணைக் கூசும் என்பதால் இருக்கலாம்.

ஆகஸ்ட் 24

தென்னை விழுந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது தலை தண்ணீரில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா இப்போதெல்லாம் படகுத்துறைக்கு வடக்கு வழியாகப் போவதில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

துணி துவைத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் காயப்போடப் போனேன். அங்கிருந்து கரை முழுதும் தெரியும். தெற்கே தீவு. அதற்கு நேரே தெற்குத்துறை மணல் வயிறு தள்ளினாற்போலக் கடலுக்குள் வந்திருக்கிறது. அதற்கு வடக்கே, எங்கள் ஊர் தொடங்கும் இடத்தில், கடித்து எடுத்த மாதிரி ஒரு வளைவு. பிறகு நேர் கீழே பார்த்தேன். எங்கள் மூட்டைக் கை. இந்தப் பக்கம் மணல் வயிறு. அந்தப் பக்கம் ஒரு கடி.

அந்த இரண்டையும் இங்கே வரைந்தேன். பிறகு மேலே கிறுக்கி அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25

சின்னம்மா சந்தைக்குப் போயிருந்தபோது அவள் அடுப்படிச் சுவரிலிருந்து எண்ணினேன்.

ஆகஸ்ட் 26

ஏழு.

நேற்று எண்ணியது. மூட்டைக் கையைப் போடும் முன்பு எங்கள் வீட்டு அளவுதான் அவளுக்கும் இருந்திருக்கும்.

இன்னும் பதினைந்து நாள்தான். பத்தாம் தேதி அக்கா வந்துவிடுவாள். வந்தபிறகு யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பதினைந்து நாளில் ஒரு சுவர் விழாது.

ஆகஸ்ட் 29

இரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை. நேற்று பௌர்ணமி. சின்னம்மாவின் அடுப்படிச் சுவர் மேலிருந்து கீழே வெடித்துவிட்டது. விரல் நுழைகிறது. அலை படியும் கோடு நான்கு காலடியில் இருக்கிறது. அவள் அடுப்பைத் தூக்கி முன்கூடத்தில் வைத்துவிட்டாள்.

மத்தியானம் குழம்பு கொண்டுபோனேன். அவள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். ஒரு கட்டு முடிந்தது. பிறகு கேட்டேன்.

"சின்னம்மா, மூட்டைய எடுத்துடவா?"

அவள் நிமிரவில்லை.

"எடுக்காத. ஒங்கக்கா வந்து பெத்துப் பொழைக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒனக்குத் தெரியுமா?"

"கருவாடு காயப்போட்ட மண்ணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதாடி? ஒங்க வாசல்லதான் கெடக்கு. தெனம் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எடுத்துடுவ" என்றாள். காம்பை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "கீரைய ஆய்டி, பூவெல்லாம் போவுது."

ஆகஸ்ட் 30

விடியும்போது போனேன். மீன் அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டேன். கரையிலிருந்து ஒவ்வொரு மூட்டையாகக் கிழித்தேன். முதல் மூட்டையைக் கிழிக்கத்தான் நேரமானது. அவள் தைத்த தையல். சணலை இழுத்து இழுத்து இறுக்கியிருந்தாள்.

முப்பது மூட்டை கிழித்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் அப்பா நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் நினைத்தேன். அவர் என் கையையும் கத்தியையும் பார்த்தார். சின்னம்மா வீட்டுப் பக்கம் பார்த்தார். ஒரு மாதத்தில் இன்றுதான் அந்தப் பக்கம் பார்க்கிறார்.

"மூட்டைய அறுத்தா மட்டும் ஆவாது. கம்பு நிக்கிற வரைக்கும் மண்ணும் நிக்கும்" என்று லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொரு கம்பையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். சின்னம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, என்னைக் கண்டபடி திட்டினாள். புத்தி கெட்டவளே, பத்து நாள் பொறுக்க மாட்டியா என்றாள். பிறகு அவளும் இறங்கி மூட்டைகளை இழுக்க ஆரம்பித்தாள்.

முடிந்தபோது மணி பத்து.

அத்தை பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார். அதுவரை உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானே போன் பண்ணினேன். நானாக யாருக்கும் போன் பண்ணியதில்லை.

"அத்தை, நான் மொதல்ல சொன்னது பொய். இருபத்திரெண்டுதான் இருந்துச்சு. முப்பத்தி நாலுன்னு சொன்னது நெசம். ஆனா அதுல பன்னெண்டு எங்களுது இல்ல. பக்கத்து வூட்டுச் சின்னம்மாவுது. மூட்ட போட்டு நாங்க புடிச்சு வச்சுக்கிட்டோம். இன்னிக்கிக் காலையில எல்லாத்தையும் பிரிச்சு வுட்டுட்டோம். இனிமே முப்பது வராது."

அந்தப் பக்கம் போன் வைக்கும் சத்தம் கேட்டது.

செப்டம்பர் 1

வெள்ளை அடித்த அறையைச் சாத்திவிட்டேன்.

செப்டம்பர் 3

எங்களுக்கு இருபத்தொன்று. சின்னம்மாவுக்கு எட்டு. வெடிப்பில் அவள் சிமெண்ட் பூசிவிட்டாள்.

யாரும் போன் பண்ணவில்லை. அக்காகூட இல்லை.

செப்டம்பர் 6

பதினோரு மணி தாண்டிவிட்டது. பன்னிரண்டும் தாண்டிவிட்டது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எத்தன?" என்றார் அத்தை. ஒன்றுமே நடக்காத மாதிரி.

"பத்தொம்போது."

"அந்தச் சின்னம்மா வூட்டுக்கு?"

"பதினொண்ணு."

"ம்." வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது. "பத்தொம்போதுக்கு அனுப்ப முடியாதுடி. அய்ப்பசி மழையில கடலு எந்தப் பக்கம் திரும்புதோ."

சரி என்றேன்.

"என்னா சரி? தாய் வூட்டுலதான் தலைச்சன் பொறக்கணும். நானும் அப்படித்தான் பெத்தேன், அத மாத்த மாட்டேன். ஆனா தாய் வூடு தாழைமேட்டுலதான் இருக்கணும்னு எங்க எழுதி வச்சிருக்கு? நீ கெளம்பி வா. எங்க வூட்டு முன்பக்கம் ரெண்டு ரூமையும் அடுப்படியையும் ஒழிச்சுத் தர்றேன். நாங்க பின்னால இருந்துக்குறோம். குழந்தை பொறந்து மூணு மாசம் முடியிற வரைக்கும் அது ஒங்க வூடு. நான் உள்ள வர மாட்டேன்."

நான் சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தேன்.

"பொய் சொன்னதுக்கு ஒன்ன நேர்ல வந்தப்புறம் வச்சுக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 8

அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிவர வக்கில்லாமல் இன்னொரு பெண்ணையும் அங்கேயே அனுப்பினான் என்று ஊர் சொல்லும் என்றார். அவர் யாரையும் பார்க்காமல் வலை பின்னிக்கொண்டே சொன்னார். என்னிடம் சொல்கிறாரா, அம்மாவிடமா என்று தெரியவில்லை.

சின்னம்மாதான் பேசி முடித்தாள். அப்பாவுக்கு அவள் சோறு போடுவாளாம். "மூணு வருசமா ஒன் உப்புச் சப்பில்லாத கொழம்பத் தின்னுட்டு மனுசன் எப்படித்தான் உயிரோட இருக்காரோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 10

தெற்குத்துறை.

அரிசி, புளி, மிளகாய், அம்மாவின் சட்டிகள், கிழித்து வைத்த துணி எல்லாம் எடுத்துக்கொண்டு அப்பாவோடு வேனில் வந்தேன். இங்கே வீட்டிலிருந்து கடலுக்குப் போவதற்குள் கால் வெந்துவிடுகிறது. அவ்வளவு மணல். படகுகள் நடுமணலில் நிற்கின்றன. தீவுக்குப் பின்னால் தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது, பாசி நாற்றம் அடிக்கிறது. முன்பு கரையிலேயே வலை இழுப்பார்களாம். இப்போது மீன் அண்டுவதில்லை என்று ஒரு அம்மா சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். தாழைமேடு என்றதும் தரையைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் இரண்டு தேங்காய் எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

அக்கா வயிறு எவ்வளவு பெரிதாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ள முடியாமல் பக்கவாட்டில் கட்டிக்கொண்டாள். உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். பேன் இருக்கிறதாம். நான் அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தேனா, அக்கா என்னையா என்று தெரியவில்லை.

அத்தை சொன்ன மாதிரியே முன்பக்கத்துக்கு வருவதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் கொல்லையிலிருந்து கூப்பிட்டுக் கேட்கிறார்.

செப்டம்பர் 13

சுறாப்புட்டு. அக்கா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பின்பக்கத்துக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்த அத்தை, "மீனுக்கு உப்பு பத்தல. பொய்க்குப் பத்துது" என்றார். பொய்யைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார்.

செப்டம்பர் 24

பெண் குழந்தை. அரசு ஆஸ்பத்திரியில், காலை ஆறேகாலுக்கு. இரண்டு கிலோ எண்ணூறு. அக்கா நன்றாக இருக்கிறாள்.

நர்ஸ் வெளியே வந்து, "தாய் வீட்டுல யாரு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில்தான் முதலில் கொடுத்தார்.

எழுத வரவில்லை.

செப்டம்பர் 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். சின்னம்மா பஸ் ஏறி வந்து குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். மூக்கை நீவினாள். தலையணையைவிட இது அதிகமாகக் கத்துகிறது என்றாள்.

அவள் சுவர் நிற்கிறது. எங்கள் வீடு பதினேழு. மேற்கே சாலைக்கு அந்தப் பக்கம் அப்பா இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். அக்காவிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு குழந்தை அழுதது, அதைப் பார்க்கப் போய்விட்டோம்.

அக்டோபர் 1

காலையில் அடுப்படியில் இருந்தேன். வெளியே தெருவில் பெண்கள் சிரிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தை பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் தாம்பாளத்தோடு தெருமுனையிலிருந்து நடந்து வருகிறார். தாம்பாளத்தில் பழம், கற்கண்டு, குழந்தைக்குச் சட்டை, வெள்ளிக் கொலுசு. பின்னால் மாமா புதுச்சட்டையில், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல். கொல்லை வழியாக வெளியேறி, ஒரு தெருவைச் சுற்றி, சொந்த வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறார்கள்.

"சம்மந்தி வூட்டுல யாரும்மா? பேத்தியப் பாக்க வந்திருக்கோம்."

நான் அசையவில்லை. அக்கா கட்டிலில் இருந்தபடி, "போடி. நீதான் போவணும்" என்றாள்.

கையைப் புடவைத் துணியில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்று என்னையே பார்த்தார்கள்.

"வாங்க அத்தை" என்றேன்.

"காதுல வுழலம்மா" என்றார் அத்தை.

"வாங்க அத்தை. உள்ள வாங்க. வாங்க மாமா."

வந்தார்கள். பாய் விரித்தேன். அத்தை உட்கார்ந்து, புதிதாகப் பார்ப்பதுபோல் சுவரையும் கூரையையும் பார்த்தார். வீடு நன்றாக இருக்கிறது, கடலும் தள்ளி இருக்கிறது என்றார். தண்ணீர் கொடுத்தேன். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். அத்தை அதன் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கொலுசைப் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தி வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எங்க வூட்டுப் பொண்ண எப்ப அனுப்பி வைக்கிறதா இருக்கீங்க?"

அப்பா இல்லை. அம்மா இல்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"மூணு மாசம் முடியட்டும் அத்தை" என்றேன். "அதுக்கு முன்னாடி அனுப்ப மாட்டோம்."